ஏடும் அச்சும் செய்நிரலும்

கணினிக்குச் செய்நிரல் எழுதும் தொழிலில் இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர் பலர் ஈடுபட்டிருக்கின்றனர். அத்தொழிலில் நெஞ்சு படபடக்கும் வேளை யாதென்று அவர்களை வினவினால், நிரலை எழுதும் வேளையை அவர்கள் கூறமாட்டார்கள். எழுதிச் சேமித்து வைத்த நிரலைக் களஞ்சியத்தினின்றும் எடுத்து, பொதுமக்கள் கையாளும் சேவையகத்தில் ஏற்றுகின்ற வேளையையே கூறுவார்கள். எழுதியவரின் மேசையில் இருக்கும்வரை ஒரு பிழை அவரொருவரை மட்டுமே வருத்தும். ஏற்றிய பின்னரோ, வங்கியிற் பணமெடுக்க நிற்பவரையும், வைத்தியசாலையிற் பெயர் பதிய வந்தவரையும், பரீட்சைப் பெறுபேறு பார்க்கக் காத்திருக்கும் மாணவரையும் அப்பிழை ஒருங்கே சென்று சேரும்.

களஞ்சியம் என்பது யாதென்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரு நிரலைப் பலர் கூடி எழுதுகின்றனர்; நாள்தோறும் திருத்துகின்றனர். எவர், எப்பொழுது, எந்த வரியை, எக்காரணத்தால் மாற்றினார் என்பதையெல்லாம் பிசகாது பதிந்துவைத்து, வேண்டியபோது பழைய நிலைக்கு மீளவும் இடந்தரும் ஏற்பாட்டுக்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று பெயர். இப்பொழுது உலகெங்கும் பெருவழக்கிலுள்ள அத்தகைய கருவி 'கிற்' என்பது. பின்லாந்து நாட்டிற் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் அதனை 2005ஆம் ஆண்டில் ஆக்கினார். பல வடிவங்கள் கிடக்கும் களஞ்சியத்திலிருந்து ஒரு வடிவத்தைத் தெரிந்து, சோதித்து, வேறொருவர் கண்ணுக்கும் காட்டி, பின்னர் பயன்பாட்டுக்கு விடுதல் என்ற முறை அதனைச் சூழ வளர்ந்திருக்கிறது.

கருவி புதியது. பலவாகக் கிடக்கும் வடிவங்களுள் ஒன்றைத் தெரிந்து, அதனை ஊரறிய வெளியிட்டு, அதற்குப் பொறுப்பும் ஏற்றுக்கொள்ளும் இடர்ப்பாடோ இக்குடாநாட்டுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பனையோலை ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுசென்றபோது யாழ்ப்பாணத்து அறிஞர் இதனையே எதிர்கொண்டனர். அவர்கள் கையாண்ட வழிகளையும், அவ்வழிகளில் ஓரிடத்து நேர்ந்த சறுக்கலையும் இன்றைய தொழிலோடு ஒப்பவைத்து நோக்குதல் பயனுடையது.

ஏடு எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதனால், மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதினர். ஆதலால் 'க' என்று எழுதப்பட்டிருப்பது ககரமோ ககர மெய்யோ என்பதைப் படிப்பவரே துணியவேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமையில்லை. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமையில்லை. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே உருவின. சொற்களுக்கிடையில் இடைவெளி கிடையாது. செய்யுளை அடியடியாகப் பிரித்தெழுதும் வழக்கமும் கிடையாது. மூலமும் உரையும் உரையினுள் வரும் மேற்கோளும் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். இத்தகைய ஏட்டைப் பார்த்து ஒருவர் பெயர்த்தெழுதுவார். அதனைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். ஒவ்வொரு முறையும் சில எழுத்துக்கள் மாறும். சில வரிகள் விடுபடும். ஓரத்தில் எவரோ எழுதிவைத்த குறிப்பொன்று அடுத்த பிரதியில் நூலினுள்ளேயே புகுந்துவிடும். நூறாண்டு கழியுமுன் ஒரு நூல் ஊருக்கொரு வடிவமாகிவிடும். எவர் எதை மாற்றினார் என்ற பதிவு எங்குமில்லை. இன்றைய மொழியிற் கூறின், கிளைகள் மாத்திரமே உண்டு, வரலாறு இல்லை.

ஏட்டில் இருக்கும்வரை இவ்வேறுபாட்டினாற் பெருங்கேடு விளைந்ததில்லை. ஆசிரியர் ஒருவர் தம் ஏட்டை வைத்துப் பாடஞ் சொல்லுகையிற் பிழையைத் தாமே திருத்திச் சொல்லிவிடுவார். அச்சு வந்தபின் நிலை மாறியது. ஒரே பிழை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படிகளிற் பதிவாகி, ஆசிரியர் அருகில் இல்லாத வீடுகளுக்கும் சென்றது. அச்சேறிய நூலுக்கு ஒரு மதிப்பும் உண்டாயிற்று. அச்சில் வந்ததைக் கண்டபின் வீட்டிலிருந்த ஏட்டைப் பேணுவார் குறைந்தனர். பிழையான வடிவம் அச்சேறினால் சரியான வடிவம் பரணிலேயே செல்லரித்துப் போகும் என்பதே அக்காலத்து அறிஞரை உறுத்திய கவலை.

யாழ்ப்பாணத்துக்கு அச்சுத்தொழிலைப் பெரிய அளவிற் கொணர்ந்தவர் கிறித்தவ மிசனரிமார். மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் இயங்கியது. 1841ஆம் ஆண்டு சனவரியில் 'உதயதாரகை' வெளிவந்தது. அடுத்த ஆண்டில் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. அவ்வகராதிக்கு முதலிற் சொற்களைத் திரட்டிய நைற் பாதிரியார் அது அச்சேறுமுன்னரே, 1840இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற தொகுப்பைப் பிறர் ஏற்று நடத்தினர். 1862இல் சென்னையில் வெளியான வின்சுலோ அகராதிக்கும் அத்தொகுப்பே ஓர் அடிப்படையாயிற்று. தொடங்கியவர் போன பின்னும் வேலை நில்லாமல் நடந்ததற்குக் காரணம், தொகுப்பு பிறர் கையாளத்தக்க ஒழுங்கில் இருந்தமையே.

இவற்றினும் கருதத்தக்கது பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பு. வெசிலியன் மிசனைச் சேர்ந்த அவருக்கு அப்பணியில் துணைநின்றவர், அவருடைய பாடசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியராயும் விளங்கிய நல்லூர் ஆறுமுகம். பிற்காலத்து ஆறுமுக நாவலர். மொழிபெயர்ப்பு நிறைவுற்றதும் அது நேரே வழிபாட்டுக்கு விடப்படவில்லை. இருவரும் அதனைச் சென்னைக்கு எடுத்துச் சென்றனர். அங்கே மழவை மகாலிங்கையர் என்னும் பெரும்புலவர் அதனைப் பார்வையிட்டார். 1850இல் அது அச்சாகியபோதும், 'தற்காலிகப் பதிப்பு' என்று பொருள்படும் பெயராலேயே வழங்கிற்று. அச்சிட்டுப் பலர் கையிற் கொடுத்து, அவர் கருத்தறிந்த பின்னரே நிலையான பதிப்பாக்குதல் என்பது நோக்கம். தென்னிந்திய மிசனரிமார் பலர் அதனை ஏற்கவில்லை. பின்னர் பவர் பாதிரியாரை முதல்வராகக் கொண்டு அமைந்த குழு புதிதாக முயன்று, 1871இல் வேறொரு திருத்தப் பதிப்பைத் தந்தது. தற்காலிகப் பதிப்பு தோல்வியுற்றதென்று சிலர் கூறுவதுண்டு. அக்கூற்று பொருந்தாது. ஏற்பார் உளரோ என்று அறிவதற்காகவே சோதனையாக வெளிவந்த பதிப்பு, ஏற்பார் இலர் என்பதைத் தெரிவித்தது. தன் வேலையை அது செய்தது. செய்நிரல் எழுதுவோர் இன்று பயன்பாட்டுத் தளத்துக்கு முன்னே ஒத்திகைத் தளம் ஒன்றை வைத்துக்கொள்வதும், முதலிற் சிறுதொகையினருக்கு மட்டும் புதிய வடிவத்தைத் திறந்துவிடுவதும் இதே நோக்கத்தினாலேயே.

இப்பணியிற் பெற்ற பயிற்சியை நாவலர் சைவத்துக்கும் தமிழுக்கும் திருப்பினார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டியிருந்தது. 1849இல் சதாசிவம்பிள்ளையோடு சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். 1852இல் பெரியபுராண வசனம், 1861இல் திருக்குறள் பரிமேலழகருரை எனப் பல நூல்கள் அவர் பார்வையில் வெளிவந்தன. நாவலர் பதிப்பென்றாற் பிழையிராது என்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஒருபோல நிலைத்த நம்பிக்கை. அவர் அச்சுப்படியைத் தாமே படித்துத் திருத்துவதோடு, சந்தி பிரித்தும் நிறுத்தக்குறி இட்டும், மூலமும் உரையும் தனித்தனி விளங்குமாறு அமைத்தும் வெளியிட்டார். அந்நம்பிக்கை அவர் புகழினால் வந்ததென்பர். புகழே அச்சுப்படியிலிருந்து வந்ததென்று கொள்வது உண்மைக்கு அணித்தாகும்.

நாவலருக்குப் பத்தாண்டு இளையவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்றவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் நடத்திய பீ. ஏ. பரீட்சையில் தேறியவர். அரசாங்கக் கணக்கு அலுவலிலும், பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதி பதவியிலும் இருந்துகொண்டே, அலுவலொழிந்த நேரத்தில் ஏடு தேடினார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. அப்பதிப்பிலே கருதற்பாலது ஒன்றுண்டு. பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை, பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர். ஒருவர் ஆக்க, மற்றொருவர் ஆராய்ந்து ஒப்ப, அதன் பின்னரே வெளியிடுதல் என்ற ஒழுங்கு அதில் வெளிப்படையாகக் காணப்படுகிறது. பதிப்பித்தவர் பட்டதாரி, பேரறிஞர். அத்தகையவர் தம் வேலையைப் பிறர் கண்ணுக்கு உட்படுத்துவதைக் குறைவாகக் கருதவில்லை.

இவ்வொழுங்கைக் கைவிட்டால் நேர்வது யாதென்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்று. அமெரிக்காவிலே நைட் கப்பிற்றல் என்று ஒரு பங்கு வணிக நிறுவனம் இருந்தது. 2012ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதலாந் திகதி பங்குச் சந்தையில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கவிருந்தது. அதற்கெனத் திருத்திய செய்நிரலை அந்நிறுவனம் எட்டுச் சேவையகங்களில் ஏற்றவேண்டும். ஏற்றியவர் ஏழில் ஏற்றினார், எட்டாவதை மறந்தார். அவர் செய்ததை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கவேண்டும் என்ற எழுத்துமூல விதியும் அங்கு இருக்கவில்லை. எட்டாவது சேவையகத்தில், 2003ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டும் அகற்றப்படாத பழைய நிரற்பகுதியொன்று கிடந்தது. அதனை முன்பு இயக்கிவந்த அதே குறியைத்தான் புதிய நிரலும் வேறு பொருளில் எடுத்தாண்டிருந்தது. காலையிற் சந்தை திறந்ததும் உறங்கிக் கிடந்த பகுதி விழித்தது. அது இடைவிடாது பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளிற்று. ஏறத்தாழ 45 நிமிடத்தில் நிறுவனத்துக்கு நேர்ந்த நட்டம் 44 கோடி டொலருக்கு மேற்பட்டது.

சந்தை திறக்குமுன்னரே ஏதோ பிழையென்று உணர்த்தும் 97 மின்னஞ்சல்கள் அந்நிறுவனத்தின் கணினியிலிருந்து தாமாகவே சென்றிருந்தன, ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் பதற்றத்திலே, புதிய நிரல்தான் பிழையென்றெண்ணி, சரியாக இயங்கிய ஏழு சேவையகங்களிலிருந்தும் அதனை அகற்றினர். அதனால் அந்த ஏழிலும் பழைய பகுதியே இயங்கத் தொடங்கிற்று. மீட்சியென்று செய்தது கேட்டைப் பெருக்கியது. பழைய நிலைக்குத் திரும்புதல் எளிதென்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை நுணுகிக் கற்கவேண்டும்; திரும்பிச் செல்லும் வழியையும் முன்னரே நடந்து பார்த்திருந்தாலன்றி அதனை நம்புதற்கில்லை. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் வேறொன்றோடு இணைந்து தன் தனியிருப்பை இழந்தது.

தாமோதரம்பிள்ளைக்குத் திரும்ப வருவோம். 1880ஆம் ஆண்டுகளிலே அவர் முயற்சி பெருகிற்று. 1881இல் வீரசோழியம்; 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும்; 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம்; 1887இல் கலித்தொகை. ஏடுகளைப் பல ஊர்களிலிருந்து வருவித்து ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். எவரெவரிடமிருந்து எவ்வேடு கிடைத்தது என்பதைத் தம் பதிப்புரைகளிலே எழுதிவைத்தார். தொட்டால் நொறுங்கும் நிலையில் ஏடுகள் கிடந்ததையும், இன்னுஞ் சிலகாலம் தாழ்த்தால் அவை முற்றாக அழிந்தொழியும் என்பதையும் எழுதினார். அவ்வெழுத்தில் ஓர் அவசரம் ஒலிக்கிறது. முற்றத் திருந்தும்வரை காத்திருந்தால் ஏடே இல்லாது போய்விடும். திருந்துமுன் வெளியிட்டாற் பிழை நிலைத்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவில் அவர் வெளியிடுவதையே தெரிந்தார். அவர் தெரிவு சரியானதென்றே கொள்ளவேண்டும்.

அத்தெரிவுக்கு ஒரு விலையும் இருந்தது. 1885இல் வெளியிட்ட பொருளதிகாரம் முழுமைக்கும் உரையாசிரியர் நச்சினார்க்கினியரே என்று அவர் கொண்டார். கிடைத்த ஏடுகள் அவ்வாறு எண்ண இடந்தந்தன. பின்னர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழில் இரா. இராகவையங்கார், உட்சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்து, இறுதி இயல்களாகிய மெய்ப்பாட்டியல் முதலியவற்றில் அச்சாகியிருப்பது நச்சினார்க்கினியர் உரையன்று, அவருக்கு முந்திய பேராசிரியர் உரை என்று நிறுவினார். ஒருவர் உழைப்பு மற்றொருவர் பெயரில் அச்சேறிப் பல ஆண்டு வழங்கியிருந்தது. கற்றோரும் அவ்வாறே மேற்கோள் காட்டினர். 1868இற் பரிசோதித்த நாவலர் 1879இலேயே மறைந்துவிட்டார். அவர் இருந்திருப்பின் இப்பிழை நேர்ந்திராது என்று சொல்ல ஆதாரமில்லை. ஏடுகள் அவரையும் மயக்கியிருக்கக்கூடும். ஆயினும், முன்னைய பதிப்புக்கு வாய்த்த பரிசோதகர் இப்பதிப்புக்கு வாய்க்கவில்லை என்பது உண்மை.

இவ்விடத்தில் தாமோதரம்பிள்ளையைக் குறைகூறுதல் தகாது. அவர் அச்சிட்டிராவிடின் இராகவையங்கார் ஆராய்வதற்குப் பொருளே இருந்திராது. வெளியிட்டதனாலேயே பிழை பலர் கண்ணுக்குத் தெரிந்தது, தெரிந்ததனாலேயே தீர்ந்தது. அன்றியும், ஏடு வந்த வழியை அவர் மறையாது எழுதிவைத்தமையால், பின்வந்தோர் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதை அறிந்தனர். நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரு வரியில் எழுதிவைக்குமாறு பதிப்புக் கட்டுப்பாடு கேட்கிறது. இளைஞர் பலர் அவ்விடத்தில் 'திருத்தம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அப்பாற் செல்கின்றனர் என்று கேள்வி. ஆறு மாதங் கழித்து அதனைப் படிப்பவர் அவராகவே இருப்பினும் ஒன்றும் விளங்காது.

தொல்காப்பியத்துக்கான திருத்தப் பதிப்பு இக்குடாநாட்டிலேயே உருவாயிற்று. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர், 1878இற் பிறந்தவர். நாவலரின் மருகர் பொன்னம்பலபிள்ளையிடமும் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரிடமும் பாடங் கேட்டவர். சுன்னாகம் பிராசீன பாடசாலையிற் கற்பித்தவர். தொல்காப்பியத்தைக் கற்பிக்குந்தோறும், அச்சிற் கண்ட வழுக்களையும் ஏட்டோடு ஒப்பிட்டுக் கண்ட திருத்தங்களையும் குறித்து வந்தார். 'ஈழகேசரி' அதிபர் நா. பொன்னையா அவற்றை நூலாக்க முன்வந்தார். சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில், 1937இல் எழுத்ததிகாரமும், 1938இல் சொல்லதிகாரமும், 1943இல் பொருளதிகாரத்தின் பிற்பகுதியும், 1948இல் அதன் முற்பகுதியும் கணேசையரின் குறிப்புக்களோடு வெளிவந்தன. 1943இல் வந்த அப்பிற்பகுதி பேராசிரியர் உரையென்றே வந்தது. சிறுப்பிட்டியிலிருந்து சுன்னாகம் சில மைல் தூரந்தான். அச்சிலே அத்தூரத்தைக் கடக்க 58 ஆண்டு சென்றது.

இன்றைய செய்நிரலில் ஒரு திருத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் உலகெங்கும் அனுப்பலாம். அவ்வேகமே சிலபோது இடராகிறது. 2024ஆம் ஆண்டு சூலை மாதம் 19ஆந் திகதி கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் பிழைபட்ட இற்றைப்படுத்தல் ஒன்றை வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒருங்கே அனுப்பிற்று. 78 நிமிடத்தில் அதனைத் திரும்பப் பெற்றபோதும், அதற்குள் ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன, விமானங்கள் பறக்கவில்லை, வைத்தியசாலைகள் இடர்ப்பட்டன. சிறுதொகையினருக்கு முதலில் அனுப்பிப் பார்த்திருந்தால் கேடு அச்சிறுதொகையோடு நின்றிருக்கும். அந்நிறுவனமும் அதன்பின் படிப்படியாக அனுப்பும் முறையை ஏற்றுக்கொண்டது.

களஞ்சியத்தைப் பற்றியும் ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. வெளியிட்ட வடிவம் எத்துணைச் சிறந்ததாயினும், மூலப் பிரதிகள் அழிந்தால் மேற்கொண்டு திருத்துதற்கு வழியில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஓலைச்சுவடிகளும், வேறெங்கும் பிரதியில்லாத கையெழுத்துக்களும் இருந்தன. ஒரே இடத்திலிருந்த ஒரே பிரதி என்பதன் பொருளை அவ்விரவு குடாநாட்டுக்கு உணர்த்திற்று.

கிற் என்னும் கருவியில் தலைமைக் களஞ்சியம் என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அதனைப் பெற்றுக்கொள்ளும் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும், முதல் மாற்றம் தொடங்கி இறுதி மாற்றம்வரை, வந்து சேரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் உள்ளடக்கத்தைக் கொண்டே கணித்த, வழக்கமாக 40 குறிகள் நீளமுள்ள அடையாளமொன்று உண்டு. எவரேனும் ஓரெழுத்தை மறைவாக மாற்றினும் அவ்வடையாளம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஏடு பெயர்த்தெழுதியோருக்கு அத்தகைய ஓரடையாளம் வாய்த்திருந்தால் பேராசிரியர் தம் பெயரை இழந்திருக்கமாட்டார். அக்கருவி தோன்றிய அதே 2005ஆம் ஆண்டில், ஈழத்து நூல்களைப் படியெடுத்து இணையத்தில் இடும் 'நூலகம்' என்னும் முயற்சியும் தன்னார்வத் தொண்டர் சிலரால் தொடங்கப்பட்டது. எரிந்தவற்றுள் வேறு வீடுகளிற் பிரதி எஞ்சியிருந்த நூல்களைத் தேடி, ஒவ்வொரு பக்கமாக அவர்கள் படம்பிடித்து வருகின்றனர்.